பேட்டரி ரூம்

அப்பாவின் சட்டைகளில் வயிற்றுப் பக்கம் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். எலி கடித்த மாதிரியும் இருக்காது, பீடி நெருப்பு பட்ட மாதிரியும் இருக்காது. துவைக்கிற வரை துணி முழுசாகத்தான் தெரியும். கல்லில் நாலு அடி அடித்து, உதறிக் கொடியில் போடும்போது கடுகு கடுகாக வெளிச்சம் வரும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் எங்கள் வீட்டுச் சட்டைகளை வெயிலுக்கு நேராக விரித்துப் பார்ப்பார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மடித்து அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எல்லாம் ஆசிட் செய்த வேலை. அப்பா தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக். ஊரில் யாரும் தொலைபேசி நிலையம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே இருப்பவர்களுக்கு அது டெலிபோன் ஆபீஸ், உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர். எக்ஸ்சேஞ்சுக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பேட்டரி ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் தெரியும்.

அந்த அறைக்குத் தனிச் சுவர், தனி வாசல். கதவில் புகைபிடிக்காதே என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஒரு தீக்குச்சி போதும். உள்ளே மரச்சட்டத்தின் மேல் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சாக்லேட் நிறத் தகடும் சாம்பல் நிறத் தகடும் மாற்றி மாற்றி, முழுகுகிற அளவுக்கு ஆசிட். ஒரு தொட்டி 2 வோல்ட். 24 தொட்டிகளைக் கோத்தால் 48 வோல்ட். அது ஒரு செட், பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு செட். மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும் ஒரு புளிப்பு வாடை. தினமும் காலையில் அப்பா ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் பைலட் செல்லில் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்துப் புத்தகத்தில் குறிப்பார். 24 செல்லையும் தினம் பார்க்க முடியாது, ஒன்றைப் பார்த்தால் மற்றவை எப்படி என்று தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு. அந்த ஒரு சோற்றைப் பதம் பார்க்கும்போது தெறிப்பதுதான் சட்டையில் விழும். ரப்பர் ஏப்ரன் ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை அவர் போட்டு நான் பார்த்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாறிய கதையைச் சொல்கிற எல்லோரும் ஸ்விட்ச்சைப் பற்றித்தான் சொல்வார்கள். பிளக் சொருகும் போர்டு, அப்புறம் தானாகச் சுற்றும் இயந்திரம், அப்புறம் கம்ப்யூட்டர். அது தப்பில்லை. ஆனால் பேட்டரி ரூம் வாசலில் வளர்ந்த எனக்கு அந்தக் கதை வேறு மாதிரித் தெரிகிறது. போன் பேசுவதற்கான கரண்ட் யார் வீட்டில் இருந்தது என்பதுதான் என் கணக்கு.

முதலில் அது அவரவர் வீட்டில் இருந்தது. 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஜார்ஜ் காய் என்பவர் முதல் வணிக எக்ஸ்சேஞ்சைத் திறந்தார். மொத்தம் 21 சந்தாதாரர்கள். போர்டைச் செய்ய அவர் கையில் கிடைத்தது குதிரை வண்டி போல்ட்டுகளும் டீப்பாட் மூடிகளின் பிடிகளும்தான் என்று சொல்வார்கள். சரியாக நாலு வருஷம் கழித்து, அதே ஜனவரி 28-ல், 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுகள் முறைப்படி திறக்கப்பட்டன. நியூ ஹேவனில் தொடங்கியது நாலே வருஷத்தில் சென்னை வரை வந்துவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அப்புறம் சென்னையிலிருந்து எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு வர அது எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பது வேறு ஆச்சரியம்.

அந்தக் காலத்து மேக்னெட்டோ போனில் பேச்சுக்கான கரண்ட்டைக் கொடுத்தது வீட்டிலேயே இருந்த பேட்டரி செல். மணி அடிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அதுதான் மேக்னெட்டோ. சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் போர்டில் உங்கள் எண்ணுக்கான சின்ன மூடி டப்பென்று கீழே விழும். ஆபரேட்டர் பிளக்கைச் சொருகி யார் வேண்டும் என்று கேட்பார். பேசி முடித்தபின் மறுபடியும் ஒரு சுற்று சுற்ற வேண்டும், இல்லையென்றால் முடித்தது அவருக்குத் தெரியாது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் வீட்டு செல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். லைன்மேன் புது செல்லைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் எங்கள் ஊரிலும் அதுதான்.

1890களில் அமெரிக்காவில் யாருக்கோ தோன்றியது: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேட்டரியை வைத்துவிட்டு அதற்குப் பின்னால் ஓடுவதைவிட, எக்ஸ்சேஞ்சில் ஒரே பெரிய பேட்டரியை வைத்து, பேச்சு போகிற அதே இரண்டு கம்பியில் கரண்ட்டையும் அனுப்பினால் என்ன? சென்ட்ரல் பேட்டரி, சுருக்கமாக சி.பி. இப்போது கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் ரிசீவரை எடுத்த மாத்திரத்தில் எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துபோவது இதனால்தான். எடுத்தால் சர்க்யூட் மூடும், கரண்ட் ஓடும், போர்டில் விளக்கு எரியும். வைத்தால் அணையும். சுற்றுகிற கைப்பிடி போயிற்று. பின்னால் வந்த டயலும் டயல் டோனும் எல்லாம் இந்த ஒரு யோசனையின் மேல் ஏறி நின்றவைதான்.

ஏன் 48 வோல்ட் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். "கம்பியில ரொம்ப தூரம் போகணும். அதே சமயம் தொட்டவன் சாகக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல" என்றார். அதையும் நேராகக் கொடுப்பதில்லை. பாசிட்டிவைப் பூமியில் இறக்கிவிட்டு நெகட்டிவைக் கம்பிக்குக் கொடுப்பார்கள். ஈரம் ஏறிய கேபிளில் பாசிட்டிவாக இருக்கும் செம்புதான் அரிக்கும். நெகட்டிவ் என்றால் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்சுகளில் மைனஸ் 48.

எனக்கு நினைவு தெரிந்தபோது எங்கள் ஊரில் சி.பி. போர்டு இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவரைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் போர்டு அத்தை என்போம். காதில் ஹெட்செட், முன்னால் ஜோடி ஜோடியாகக் கயிறு மாதிரிக் கார்டுகள். ஒரு பிளக் கூப்பிட்டவருக்கு, இன்னொன்று கூப்பிடப்பட்டவருக்கு. ஊரில் யாரும் எண் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "அத்தாச்சி, டாக்டர் வீடு" என்றால் போதும். "டாக்டர் இப்பத்தான் கிளம்பினாக, சாயங்காலம் போடுங்க" என்று பதில் வரும். இன்று கால் ஃபார்வர்டிங், வாய்ஸ் மெயில் என்று பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் அத்தனையையும் அவர் சம்பளத்துக்குள்ளேயே செய்தார்.

காலையில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. விருதுநகர் மார்க்கெட்டில் வத்தலும் உளுந்தும் எண்ணெயும் என்ன விலை என்று தெரிந்தால்தான் எங்கள் ஊர்க் கடைகளில் மூட்டை பிரியும். எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே நேரத்தில் டிரங்க் கால், அதாவது வெளியூர் லைன் வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். லைட்னிங் என்றால் மற்றவர்களைத் தாண்டி முதலில் கிடைக்கும், காசும் பல மடங்கு. விலை ஏறப்போகிறது என்று வாடை பிடித்தவர் மட்டும் லைட்னிங் போடுவார். அதனால் யார் லைட்னிங் போட்டார் என்ற செய்திக்கே மார்க்கெட்டில் ஒரு விலை உண்டு. போர்டு அத்தை வாயைத் திறந்ததில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஆட்டோமேட்டிக் வந்தது. ஸ்ட்ரோஜர். இந்தியாவுக்கு அது புதிதல்ல, சிம்லாவில் 1913-14லேயே 700 லைனில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. அங்கேதான் வெயில் காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கமே மலையேறி உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு வந்தபோது ஆல்மன் ஸ்ட்ரோஜர் காப்புரிமை வாங்கி எண்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டித் தொழில்காரரின் மனைவி ஆபரேட்டராக இருந்து தனக்கு வரும் அழைப்புகளைத் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற கோபத்தில் ஆபரேட்டரே வேண்டாத இயந்திரத்தை யோசித்தார் என்று கதை. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, 1891-ல் காப்புரிமையும் 1892-ல் இண்டியானாவின் லா போர்ட்டில் முதல் எக்ஸ்சேஞ்சும் உண்மை. போர்டு அத்தையின் வேலை போய்விடுமோ என்று அம்மா கவலைப்பட்டாள். போகவில்லை. அவர் டிரங்க் போர்டோடு பக்கத்து அறைக்கு மாறினார், அவ்வளவுதான்.

ஸ்ட்ரோஜரை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆளுயரத்துக்கு மேல் இரும்பு ரேக்குகள், அதில் வரிசையாகச் செலக்டர்கள். ஒவ்வொரு செலக்டருக்கும் உள்ளே பத்து மாடி, மாடிக்குப் பத்து வீடு. டயலில் 3 சுற்றினால், டயல் திரும்பி வரும்போது கரண்ட் மூன்று தடவை விட்டு விட்டு வரும். விநாடிக்குப் பத்து துடிப்பு வேகம். ஒவ்வொரு துடிப்புக்கும் செலக்டரின் தண்டு ஒரு மாடி ஏறும். மூன்றாம் மாடியில் தானாகச் சுழன்று காலியான பாதையைத் தேடிப் பிடிக்கும். அடுத்து 4 சுற்றினால் கடைசிச் செலக்டர் நாலு மாடி ஏறும், 7 சுற்றினால் ஏழு வீடு தள்ளிப் போய் நிற்கும். 347. மணி அடிக்கும். ரிசீவரை வைத்தால் எல்லாத் தண்டுகளும் சரசரவென்று இறங்கி வீட்டுக்கு வரும். பூஜ்யம் என்றால் பத்து துடிப்பு, அதனால்தான் பழைய டயலில் 0 அவ்வளவு நேரம் எடுக்கும். நீங்கள் விரலால் சுற்றியதை அப்படியே இரும்பு நடித்துக் காட்டியது. இதற்கு மேல் நேர்மையான ஒரு இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

சத்தம்? பக்கத்துத் தெருவில் இருந்த தறிக் கூடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வது கஷ்டம். அப்பா காதாலேயே வேலை பார்த்தார். ரேக்குகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பார், ஓர் இடத்தில் நின்று, தலையைச் சாய்த்து, "இவன் ஏற மாட்டேங்கிறான்" என்று ஒரு செலக்டரைக் கழற்றுவார். ரிலேயின் ஸ்பிரிங் இழுவையை கிராம் கணக்கில் அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார், பேனா மாதிரிச் சட்டைப் பையிலேயே இருக்கும். அந்தச் சட்டைகளில் சேதமில்லாமல் இருந்தது அந்தப் பை மட்டும்தான்.

ஸ்ட்ரோஜரில் ஒரு வினோதம். கூப்பிட்டவர் ரிசீவரை வைத்தால்தான் லைன் விடும். அவர் சரியாக வைக்காமல் போய்விட்டால், கூப்பிடப்பட்டவர் எத்தனை தடவை வைத்து எடுத்தாலும் லைன் பிடித்தபடியே இருக்கும். அப்போது அப்பா கடைசிச் செலக்டரிலிருந்து ரேக் ரேக்காகப் பின்னோக்கி நடந்து, கம்பி வழியைக் கண்ணால் தொடர்ந்து போய், யார் என்று கண்டுபிடிப்பார். மொட்டை போன் செய்கிறவர்களைப் பிடிப்பதும் அப்படித்தான். ஒரு தடவை நானும் கூட நடந்தேன். ஒரு தொலைபேசி உரையாடலின் பக்கத்திலேயே, அது போகிற வழியிலேயே, காலால் நடந்து போக முடிந்தது.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். இத்தனை இரும்பு ஏறி இறங்கியதும் அந்த 48 வோல்ட்டில்தான். பவர் ரூமில் பெரிய வட்ட அம்மீட்டர் ஒன்று உண்டு. ஊர் பேசாமல் இருந்தால் முள் கீழே கிடக்கும். காலை ஒன்பதரைக்கு மெல்ல ஏற ஆரம்பித்து, பத்தரைக்கு உச்சியில் நிற்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சரிந்து, நாலு மணிக்கு மறுபடி ஏறும். "ஊர் முழிச்சிருச்சு" என்பார் அப்பா அதைப் பார்த்து. 1987 டிசம்பர் 24 விடியற்காலையில் அவர் நைட் டியூட்டியில் இருந்தார். இன்னும் இருட்டு விலகவில்லை. முள் ஏறுகிறது. ஷார்ட் சர்க்யூட்டோ என்று பயந்து ஓடிப் போய் ரேக்குகளைப் பார்த்தால், எல்லாம் ஒழுங்காகத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் பத்தரை மணிச் சத்தம். அப்புறம்தான் டிரங்க் போர்டிலிருந்து அத்தை ஓடி வந்து சொன்னார், எம்.ஜி.ஆர். போய்விட்டார் என்று. அப்பாவுக்கு அந்த முள் முதலில் சொல்லிவிட்டது, எதைச் சொல்கிறது என்றுதான் புரியவில்லை.

இடையில் கிராஸ்பார் என்று ஒரு வகை வந்தது. எங்கள் ஊருக்கு வரவில்லை, பெரிய நகரங்களோடு நின்றுவிட்டது. அதன் கதை வேடிக்கையானது என்பதால் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் டெலிபோன் செய்யும் அரசுத் தொழிற்சாலையான ஐ.டி.ஐ. 1964-ல் பெல்ஜியத்தின் பெல் டெலிபோன் மேனுஃபாக்சரிங் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு பென்டகோன்டா என்ற கிராஸ்பார் வகையைச் செய்ய ஆரம்பித்தது. ஸ்ட்ரோஜரைவிடப் புத்திசாலி இயந்திரம். நீங்கள் சுற்றும் எண்களை ஒரு பகுதி வாங்கி வைத்துக்கொள்ளும், இன்னொரு பகுதி பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடும். அறிவு பொதுவில் இருக்கும். ஆனால் பொதுவில் இருப்பதற்கு வரிசை நிற்க வேண்டும் அல்லவா? எத்தனை பேருக்கு எத்தனை பாதை போதும் என்ற கணக்கைக் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் 1917-லேயே எழுதிவிட்டார். கணக்கு சரிதான். ஐரோப்பாவில் ஒரு போன் என்றால் ஒரு குடும்பம். இங்கே?

பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருக்கும். பக்கத்து வீட்டு போன். பி.பி. என்பதற்கு விரிவு என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பொருள் எல்லோருக்கும் தெரியும்: கூப்பிட்டால் ஓடி வந்து எடுப்போம். ஒரு போனில் ஒரு தெருவே பேசியது. போதாதற்கு, லைன் கிடைக்காவிட்டால் நாம் சும்மா இருப்போமா, கிடைக்கிற வரை சுற்றிக்கொண்டே இருப்போம். பாதி எண் சுற்றிவிட்டு வைப்போம், மறுபடி சுற்றுவோம். ஒவ்வொரு சுற்றலும் அந்தப் பொதுப் பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்ட இயந்திரம் தெருவுக்கு ஒன்று என்ற ஊரில் திணறியது. நம் போக்குவரத்துக்குத் தகுந்த மாதிரி அதைப் பிறகு இங்கேயே திருத்திச் செய்ய வேண்டியிருந்தது. கிராஸ்பாரைத் திட்டுகிற பழைய ஆட்கள் நிறைய. எனக்கு அதன் மேல் இரக்கம்தான். யாரோ ஒருவர் வீட்டுப் பழக்கத்துக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுப் பார்த்தோம்.

அதற்கு நேர் எதிர் சி-டாட். 1984 ஆகஸ்டில் தொடங்கிய அரசுத் தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனம். 36 மாதம், 36 கோடி ரூபாய், இந்தியாவுக்கான டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் என்று அதைத் தொடங்கிய சாம் பிட்ரோடா சொன்னது அந்தக் காலத்துப் பத்திரிகை படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 128 போர்ட் கொண்ட கிராமத்து எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் ஓட ஆரம்பித்தது. அதை ராக்ஸ் என்பார்கள். ஒரு பீரோ அளவு. அதில் எனக்குப் பிடித்த விஷயம் சிப்பு, சாஃப்ட்வேர் எல்லாம் இல்லை. அதற்கு ஏ.சி. வேண்டாம். வெளிநாட்டு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. இல்லாமல் முடியாது, ஏ.சி. நின்றால் எக்ஸ்சேஞ்சும் படுத்துவிடும். கரண்ட்டே ஒழுங்காக வராத கிராமத்தில் ஏ.சி.க்கு எங்கே போவது? பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்தில் ஓர் ஓட்டு அறையில், கோடையில், புழுதியில் நிற்கிற மாதிரி அதைச் செய்தார்கள். அறையைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைச் செய்தது இந்தக் கதையில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊருக்குப் பெரிய வகை சி-டாட் 1992-ல் வந்தது. அப்பாவுக்கு அப்போது 48 வயது. இதைச் சொல்லி ஒரு வருஷம் கேலி செய்தோம். சென்னைக்குப் போய் ட்ரெயினிங் எடுத்துவிட்டு, ஒரு தடிமனான நோட்டோடு வந்தார். குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்து எண்ணாக மாற்றுகிறார்களாம், அந்த எண்களைத்தான் இடம் மாற்றி அனுப்புகிறார்களாம், ஏறுகிற தண்டும் இல்லை, சுழல்கிற தண்டும் இல்லை என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

மாற்றுகிற இரவு எம்.டி.எஃப். அறையில் ஏழெட்டுப் பேர். ஊருக்குப் போகும் கேபிள்களும் எக்ஸ்சேஞ்ச் கம்பிகளும் சந்திக்கிற பெரிய சட்டம் அது. புது எக்ஸ்சேஞ்சுக்கான கம்பிகளை வாரக்கணக்கில் முன்பே இழுத்து வைத்து, தொடாமல் இருக்க இடையில் பிளாஸ்டிக் துண்டு சொருகியிருந்தார்கள். நடுராத்திரியில் ஒரு பக்கம் பழைய ஜம்பர் கம்பிகளை வெட்ட, இன்னொரு பக்கம் துண்டுகளை உருவ, கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. நான் டார்ச் பிடித்தேன். வெட்டிய கம்பி காலுக்கடியில் வைக்கோல் மாதிரிக் கிடந்தது. அப்பா உடனே டயல் டோன் கேட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பவர் ரூமுக்குப் போய் அம்மீட்டரைப் பார்த்தார்.

மறுநாள் காலை பத்தரைக்கும் போய்ப் பார்த்தார். முள் ராத்திரி நின்ற இடத்திலிருந்து பெரிதாக நகரவில்லை. எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் யாரும் பேசாவிட்டாலும் விழித்தே இருக்கும், பகலிலும் ராத்திரியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குடிக்கும். "ஊர் முழிச்சிருச்சா தூங்குதான்னே தெரியல" என்றார். பத்துப் பதினைந்து வருஷம் அவர் படித்துவந்த ஒரு பேப்பர் நின்றுபோன மாதிரி.

அப்புறம் எல்லாம் மளமளவென்று. செருப்பை வாசலில் கழற்றச் சொன்னார்கள், தூசி ஆகாது என்று. கோயில் மாதிரி என்று நாங்கள் சிரித்தோம். ஸ்ட்ரோஜர் ஏலத்துக்குப் போனது. லாரியில் ஏற்றியபோது அப்பா ஏலம் எடுத்தவரிடம் எடைக்குக் காசு கொடுத்து ஒரு செலக்டரை வாங்கி வந்தார், இன்றும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று ஹால் இடத்தில் இருந்தது ஒரு ஹாலின் மூலைக்கு வந்தது. கண்ணாடித் தொட்டிகள் போய், தண்ணீர் ஊற்ற வேண்டாத மூடிய பேட்டரிகள் இரும்புச் சட்டத்தில் படுத்த வாக்கில் வந்தன. ஹைட்ரோமீட்டரை நுழைக்க ஓட்டையே இல்லை. "உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லாதவனை எப்படி நம்புறது?" என்பார். மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று பெயர் வைத்த அவை வெயில் ஏற ஏற ஆயுசு குறைந்து போகிறவை. எங்கள் ஊர் வெயிலில் பழைய தொட்டிகளை அவர் எத்தனை வருஷம் ஓட்டினார் என்பதை இங்கே எழுதினால் பெருமை பேசுகிற மாதிரி இருக்கும். 2004-ல் ஓய்வு பெற்றார். சட்டைகள் அதற்கு முன்னாலேயே நன்றாகிவிட்டன.

எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் அருமை வெளியில் இருப்பவர்களுக்குப் புரிந்தது 2012-ல்தான் என்று நினைக்கிறேன். சென்னைக்கு வெளியே தினமும் பல மணி நேரம் மின்வெட்டு. டவரில் டீசல் தீர்ந்தால் செல்போனும் போய்விடும். ஃபேன் இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. மூலையில் தூசி படிந்த லேண்ட்லைனை எடுத்தால் டயல் டோன் வரும். கம்பி வழியே அந்த 48 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டு எப்போது வரும் என்று கேட்க, கரண்ட் தேவையில்லாத ஒரு பொருள் வீட்டில் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் வீட்டில் ஃபைபர் போட்டேன். பேத்தி ஊருக்கு வந்தால் இன்டர்நெட் இல்லை என்று கண்ணைக் கசக்குகிறாள். பழைய எண்ணே தொடரும் என்றார்கள். அந்த வேலைக்காக எக்ஸ்சேஞ்சுக்குப் போனபோது உள்ளே பார்க்கக் கேட்டேன், விட்டார்கள். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வில் சுமார் 78 ஆயிரம் பேர் ஒரே நாளில் வெளியேறினார்கள். அதன் பிறகு பல எக்ஸ்சேஞ்சுகளைப் போல இதிலும் ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. ஸ்ட்ரோஜர் நின்ற ஹாலில் தரையில் ரேக்குகளின் கால் தடம் மட்டும் வரிசையாக. ஓர் ஓரத்தில் ஒற்றை ரேக்கில், சூட்கேஸ் பருமனுக்கு ஓ.எல்.டி. என்ற பெட்டி. அதன் ஒரு துளையிலிருந்து போகும் ஒரு கண்ணாடி இழை வழியில் பிரிந்து பிரிந்து 64 வீடுகளுக்குப் போகும். பெட்டியின் பின்னால் குனிந்து பார்த்தேன். மைனஸ் 48 என்று எழுதியிருந்தது. செல்போன் டவர்களிலும் அதுதான். இயந்திரம் இத்தனை மாறியும் அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

ஆனால் அந்த 48 வோல்ட் இப்போது எக்ஸ்சேஞ்ச் சுவரைத் தாண்டுவதில்லை. கண்ணாடியில் வெளிச்சம் போகும், கரண்ட் போகாது. ஃபைபர் வந்த முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. அப்பா வழக்கம்போல ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். காது மந்தமாகிவிட்டது அவருக்கு, அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்து என்னிடம் நீட்டினார். எனக்கும் கேட்கவில்லை. சுவரில் இருந்த ஃபைபர் பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன.

விளக்கிச் சொன்னேன். பெட்டி நம் வீட்டுக் கரண்ட்டில் ஓடுகிறது, கரண்ட் இல்லையென்றால் அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப பேட்டரி நம்ம வீட்லயா?"

"ஆமாப்பா."

"மேக்னெட்டோ மாதிரி" என்றார்.

அடுத்த வாரம் இன்வெர்ட்டர் வாங்கினோம். மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம், தண்ணீர் ஊற்றுகிற வகைதான் வேண்டும் என்று கடையில் அவரே பிடிவாதம் பிடித்தார். மாசம் ஒரு தடவை டிஸ்டில்ட் வாட்டர் கேனோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். மூடியைத் திறந்து, எங்கிருந்தோ தேடி எடுத்த அந்தப் பழைய ஹைட்ரோமீட்டரை விட்டு, கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்து, காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறார். 81 வயதில் கை கொஞ்சம் நடுங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கொடியிலிருந்து அவருடைய பனியனை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.